அடித்தல் திருத்தல்

2018 டிசம்பர் 22, சனிக்கிழமை, இரவு பதினோரு மணி. திருவல்லிக்கேணியில் நான் அப்போது தங்கியிருந்த மேன்ஷனின் மூன்றாவது மாடி அறை ஒன்றில் ஏழு பேர் ஒரு சின்ன டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாலு நாளைக்கு முன்புதான் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் தன் மேனேஜர் ஜோஸே மொரின்யோவை நீக்கியிருந்தது. சீஸன் முடியும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று தற்காலிகமாக அழைக்கப்பட்ட ஓலே குன்னர் சோல்ஷாருக்கு அன்று முதல் ஆட்டம். கார்டிஃப் நகரத்தில், கார்டிஃப் ஸிட்டியோடு. மூன்றாவது நிமிஷத்திலேயே ரேஷ்ஃபோர்ட் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் அடித்தார். முடிவில் ஐந்துக்கு ஒன்று. யுனைடெட் ஒரே லீக் ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டு ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகப் போட்டது 2013 மே மாதம், அலெக்ஸ் ஃபெர்குஸன் ஓய்வு பெற்ற ஆட்டத்தில்.

ஆட்டம் முடிந்ததும் நான் சொன்னேன்: "இவர்தான். இனி வேறு ஆள் தேட வேண்டாம்."

ஒரே ஒரு ஆட்டம் பார்த்திருந்தேன். தொண்ணூறு நிமிஷம். அதற்கு முன் இதே மனிதர் மேனேஜராக இருந்து 2014ல் லீகின் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கிய அணி இதே கார்டிஃப்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே சொன்னேன்.

அறையில் என் பேச்சுக்குத் தலையாட்டாதவர் ஒருவர்தான். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். மருந்துக் கம்பெனி ஒன்றின் ரெப். எங்களைவிடப் பத்து வயசு மூத்தவர். ஊர் டீமில் லெஃப்ட் பேக்காகப் பல வருஷம் ஆடியவர். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்து இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "போன வாரம் ஓடாதவன்லாம் இன்னைக்கி ஓடுறான் தம்பி," என்றார். "சந்தோஷத்துல ஓடுறானா, சொல்லிக்குடுத்து ஓடுறானான்னு இன்னும் தெரியல்ல." நான் சிரித்தேன். அவருடைய பேச்சு எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது.

அந்த இரவையும், அதைத் தொடர்ந்து வந்த ஐந்து மாதங்களையும் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் கால்பந்து மட்டும் அல்ல. அதே மாதங்களில் நான் ஒரு மதிப்புரை எழுதினேன். அதற்கு வருகிறேன்.

*

ஒரு கிளப்புக்குப் புதிய மேனேஜர் வந்ததும் ரசிகர்கள் செய்வதை விமர்சனம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பிரதி கையில் கிடைத்துவிட்டது. ஆனால் முழுதாக அல்ல. நாவலின் முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் படித்துவிட்டு முடிவைச் சொல்ல வேண்டிய நிலை. சொல்லாமல் இருக்கவும் முடியாது. எங்கள் கிளைக்குப் புது மேனேஜர் வந்தால் முதல் வாரத்துக்குள் நாங்கள் எல்லோருமே அவரைத் தீர்மானித்துவிடுகிறோம். மேஜையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாரா, லீவு லெட்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாரா, பியூனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்பது போதும். அவர் எப்படிக் கடன் கொடுக்கிறார், வராக்கடனை எப்படிக் கையாளுகிறார் என்பது தெரிய இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்.

கால்பந்தில் சிரமம் இன்னும் அதிகம். கிரிக்கெட்டைப் போல நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் சேர்ந்து முடிவாகிற ஆட்டம் அல்ல இது. ஒரு கோல், இரண்டு கோல். ஒரு கம்பத்தின் உள்பக்கம் பட்டதா, வெளிப்பக்கம் பட்டதா என்பதில் ஒரு மனிதனின் மூன்று மாத உழைப்பு நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிவிடுகிறது. மேனேஜர் பந்தைத் தொடுவதே இல்லை. கோட்டுக்கு வெளியே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் நடந்தது அத்தனையும் அவர் பேரில் எழுதப்படுகிறது.

சோல்ஷார் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். ஹட்டர்ஸ்ஃபீல்ட், போர்ன்மத், நியூகாஸில், ரெடிங், டாட்டன்ஹாம், பிரைட்டன், அர்ஸெனல். எட்டாவது ஆட்டம் முடிவதற்குள் எங்கள் அறையில் அவர் ஒரு தத்துவமாகிவிட்டார். மொரின்யோவின் இறுக்கத்துக்கு எதிராகச் சிரிப்பு. சந்தேகத்துக்கு எதிராக நம்பிக்கை. இப்படியெல்லாம் நானும் பேசினேன். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இந்த மாதிரி இரட்டை எதிர்நிலைகள் கைக்குச் சுலபமாக வரும்.

டாட்டன்ஹாம் ஆட்டம் 2019 ஜனவரி 13. வெம்ப்ளியில். போக்பா நீளமாக அனுப்பிய பந்தை ரேஷ்ஃபோர்ட் ஓடி எடுத்துக் குறுக்காக அடித்தார், ஒன்றுக்குப் பூஜ்யம். பெரிய அணி ஒன்றை எதிர்த்த முதல் வெற்றி. நாங்கள் அந்த பாஸைப் பற்றி நள்ளிரவு தாண்டிப் பேசிக்கொண்டிருந்தோம். லெஃப்ட் பேக் அண்ணன் கடைசியில் கேட்டார்: "அந்த கீப்பர் எத்தன மட்டம் பந்தத் தடுத்தான், எண்ணுனியா?" யாரும் எண்ணவில்லை. அவர் எண்ணியிருந்தார். பதினொன்று. மறுநாள் வந்த ஆங்கிலச் செய்திகளிலும் டி கேயா தடுத்தவை பதினொன்று என்றே இருந்தது.

பதினோரு முறை தன் கோலைத் திறந்துவிட்ட அணி ஜெயித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு உண்மைகள் இருந்தன. நான் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் பாரிஸ். சொந்த மைதானத்தில் பூஜ்யத்துக்கு இரண்டு என்று தோற்றுவிட்டு, பாதி அணி காயத்தில் படுத்திருக்க, பாரிஸ் ஸெயின்ட் ஜெர்மெய்னை அதன் ஊரிலேயே மூன்றுக்கு ஒன்று என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனார்கள். நமக்கு அது விடியற்காலை மூன்றரை மணி. கீழ் மாடிக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தினோம். இன்று நிதானமாக நினைத்துப் பார்த்தால் அந்த மூன்று கோல்களில் முதலாவது எதிரணிக்காரர் பின்னால் தள்ளிய தப்பான பந்திலிருந்து வந்தது. இரண்டாவது, கிழவர் பூஃபோன் கையிலிருந்து நழுவிய பந்து. மூன்றாவது, கடைசி நிமிஷங்களில் எதிரணிக்காரர் கையில் பந்து பட்டுக் கிடைத்த பெனால்டி. மார்ச் 28ஆம் தேதி சோல்ஷாருக்கு மூன்று வருஷத்துக்கு நிரந்தர நியமனம் கொடுத்தார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எவர்ட்டனில் பூஜ்யத்துக்கு நாலு. பார்ஸலோனாவிடம் இரண்டு தோல்வி. சீஸனின் கடைசி ஆட்டம் மே 12. யுனைடெட்டின் சொந்த மைதானத்தில். எதிரணி, லீகை விட்டுக் கீழே இறங்குவது ஏற்கெனவே நிச்சயமாகிவிட்ட கார்டிஃப் ஸிட்டி. பூஜ்யத்துக்கு இரண்டு என்று யுனைடெட் தோற்றது. முதல் நாள் நான் யாரைக் கொண்டு இந்த மனிதரை அளந்தேனோ, அந்த அளவுகோலே வந்து திருப்பி அளந்துவிட்டுப் போயிற்று. அன்று அறையில் மூன்று பேர்தான் இருந்தோம்.

"ஏமாற்றிவிட்டார்" என்று அன்று சொன்னேன். அதுவும் தவறு. அடுத்த வருஷம் லீகில் மூன்றாவது இடம், அதற்கடுத்த வருஷம் இரண்டாவது இடம், 2021 மே மாதம் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். அதில் பெனால்டியில் தோல்வி. அந்த நவம்பரில் வாட்ஃபோர்டில் ஒன்றுக்கு நாலு என்று தோற்ற மறுநாள் நீக்கினார்கள். என் முதல் தீர்ப்பும் சரி, இரண்டாவது தீர்ப்பும் சரி, இந்த மூன்று வருஷத்து மனிதரை உள்ளே வைத்து மூட முடியாத டப்பாக்கள்.

*

பி.ஏ. மூன்றாம் வருஷத்தில் எங்களுக்கு ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' பற்றி ஒரு பாடம் இருந்தது. 1929ல் வந்த புத்தகம். கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்குக் கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் கொடுத்து, அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். நன்றாகப் படித்த பிள்ளைகள் நல்ல கவிதையைத் தள்ளி மோசமானதைப் பாராட்டியிருந்தார்கள். கையெழுத்தை நீக்கிவிட்டால் ரசனை எவ்வளவு தடுமாறுகிறது என்பதுதான் பாடம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது. கையெழுத்து இருக்கும்போது நாம் தடுமாறுவதே இல்லை. அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

சோல்ஷாரின் முதல் எட்டு ஆட்டங்களை நான் பெயரில்லாமல் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் 1999 மே 26 இருந்தது. பார்ஸலோனாவில், பயர்ன் ம்யூனிக்கோடு, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிஷத்தில் காலை நீட்டிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதர். அப்போது எனக்குப் பத்து வயசு. நேரில் டிவியில் பார்த்தவன்கூட இல்லை. ஆனால் பிறகு நூறு தடவையாவது பார்த்திருப்பேன். கார்டிஃப் ஆட்டத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காலைத்தான். போக்பாவின் பாஸ் அந்தக் கதைக்குள் பொருந்தியது. டி கேயாவின் பதினோரு தடுப்புகள் பொருந்தவில்லை. பொருந்தாததை வாசகன் படிக்கமாட்டான்.

அதற்கு முன்னால் டேவிட் மோயஸ் வந்தபோதும் இதேதான். 2013ல் ஃபெர்குஸன் தானே பொறுக்கி எடுத்த வாரிசு. ஆறு வருஷ ஒப்பந்தம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பொருளில் மைதானத்தில் அவருக்கு ஒரு பதாகையே தொங்கியது. முதல் லீக் ஆட்டத்தில் ஸ்வான்ஸீயில் நாலுக்கு ஒன்று. அடுத்த மார்ச்சில் அதே மைதானத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் தப்பான ஆள் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு பறந்தது. ஏப்ரல் 22ல் வேலை போயிற்று. அவர் அணியை நடத்திய விதத்தில் குறை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தொங்கிய பதாகை, பறந்த பதாகை இரண்டுமே அவருடைய ஆட்டத்தைவிட அவருக்கு முன்னுரை எழுதிய பெரியவரைப் பற்றித்தான் அதிகம் பேசின.

சீக்கிரம் தீர்ப்புச் சொல்வதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. லெஃப்ட் பேக் அண்ணன் முதல் ஆட்டத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் பார்த்த இடம் வேறு. பந்து பறிபோன மறுகணம் பதினோரு பேரும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள். பின்வரிசை எவ்வளவு முன்னேறி நிற்கிறது. ஒரு கோல் முன்னால் இருக்கும்போது எழுபதாவது நிமிஷத்தில் யாரை வெளியே கூப்பிடுகிறார். இவை முதல் ஆட்டத்திலேயே தெரியக்கூடியவை. ஸ்கோர் மட்டும்தான் எதையும் சொல்லாது. நாம் அதையே படித்துக்கொண்டிருந்தோம்.

*

ரசிகர்களைவிட அவசரக்காரர்கள் நிர்வாகிகள். 2017ல் லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் கிளப் ஃபிராங்க் டி போயர் என்ற டச்சுக்காரரை மேனேஜராக நியமித்தது. நாலு லீக் ஆட்டம். நாலிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை. எழுபத்தேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கற்றுக்கொடுத்த ஆட்டமுறை அந்த அணிக்கு ஒத்துவராது என்று எல்லோரும் சொன்னார்கள். ரசிகர்களும் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக ராய் ஹாட்ஜ்ஸன் வந்தார், எழுபது வயசு, பழுத்த அனுபவம், டி போயருக்கு நேர் எதிரான முறை. அவரும் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் தோற்றார். பூஜ்யத்துக்கு ஒன்று, பூஜ்யத்துக்கு ஐந்து, பூஜ்யத்துக்கு நாலு. ஒரு கோல்கூட இல்லை. ஆக மொத்தம் ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, பூஜ்யம் கோல்.

எட்டாவது ஆட்டம் அக்டோபர் 14. எதிரணி முந்தின வருஷத்துச் சாம்பியன் செல்ஸீ. பாலஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. சீஸனின் முதல் ஆட்டத்தில் காயம்பட்டு வெளியே போன வில்ஃப்ரெட் ஸாஹா அன்றுதான் திரும்பி வந்திருந்தார். வெற்றி கோல் அவருடையது. அந்த சீஸனில் பாலஸ் பதினோராவது இடத்தில் முடித்தது.

டி போயரை விலக்கியது சரியாகவே இருந்திருக்கலாம், ஹாட்ஜ்ஸன் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த நாலு ஆட்டத் தீர்ப்பில் ஒரு தத்துவத்தின் தோல்வி என்று படிக்கப்பட்டதில் எவ்வளவு பங்கு ஒரு ஆட்டக்காரனின் காயம்பட்ட கால்? இதை அன்றே யாராவது பிரித்து எழுதியிருந்தால் அது விமர்சனம். ஹாட்ஜ்ஸனின் மூன்று பூஜ்யங்களுக்கு 'அவகாசம் வேண்டும்' என்றும் டி போயரின் நாலு பூஜ்யங்களுக்கு 'பிடிவாதம்' என்றும் பெயர் வைத்தவர்கள் இரண்டு பேரையும் பற்றி எதுவும் சொல்லவில்லை. தங்கள் முன்தீர்மானத்தைத்தான் இரண்டு தடவை சொன்னார்கள்.

*

புது மேனேஜரைப் பற்றிய எந்த விவாதத்திலும் கடைசியில் ஒருவர் எழுந்து ஃபெர்குஸன் கதையைச் சொல்வார். அது இந்த மதத்தின் ஸ்தல புராணம். 1986 நவம்பரில் அவர் மான்செஸ்டருக்கு வந்தார். முதல் ஆட்டம் நவம்பர் 8, ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்டிடம் பூஜ்யத்துக்கு இரண்டு தோல்வி. அடுத்தது நார்விச்சோடு கோல் இல்லாத ட்ரா. மூன்று வருஷம் கழிந்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் ஸிட்டியிடம் ஒன்றுக்கு ஐந்து. டிசம்பரில் மைதானத்தில் ஒரு ரசிகர் பதாகை பிடித்தார். மூன்று வருஷமாகச் சாக்குப்போக்கு, இன்னும் குப்பைதான், போய் வாரும் ஃபெர்கி என்பது அதன் சாரம். 1990 ஜனவரி 7ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம், தோற்றால் வேலை போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின, மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் ஒரு கோல் போட்டார். அந்த மே மாதம் கோப்பை. 1993ல் லீக். பிறகு இருபது வருஷ சாம்ராஜ்யம். ஆகவே பொறுமை வேண்டும்.

இந்தக் கதையிலிருந்து பொறுமையைக் கற்றுக்கொள்ள முடியாது. மூன்று வருஷம் பொறுத்தும் ஒன்றும் தேறாமல் போன மேனேஜர்களுக்குப் புராணம் இல்லை; அவர்களுடைய முதல் ஆட்டங்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. தேறியவரைக் காட்டிப் பொறுமையை நிரூபிப்பது, லாட்டரியில் பரிசு விழுந்தவனைக் காட்டிச் சீட்டு விற்பது மாதிரி. அன்று ஃபாரஸ்ட்டிடம் தோற்றிருந்தாலும் அவரை நீக்கியிருக்கமாட்டோம் என்று நிர்வாகத்தில் இருந்தவர்களே பின்னால் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் புராணத்தின் உச்சக்கட்டமே நடக்காத ஒன்று.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறவர் ஃபெர்குஸன் அல்ல, பதாகை பிடித்த மனிதர். அவர் ஓடி ஒளியவில்லை. 2013ல், ஃபெர்குஸன் ஓய்வு பெற்ற வருஷத்தில், தன் ரசிக வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குத் தலைப்பு, தன் பதாகையின் கடைசி வார்த்தைகள். போய் வாரும் ஃபெர்கி. உலகத்திலேயே அதிகமாகப் பொய்த்துப் போன கால்பந்துத் தீர்ப்பைத் தன் புத்தகத்தின் நெற்றியில் அச்சடித்துக்கொண்டார். அன்று மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பேர் அவரோடு சேர்ந்து கத்தியிருப்பார்கள். அவர்களில் பலர் பிறகு, தாங்கள் ஆரம்பத்திலிருந்தே அவரை நம்பியதாகப் பேரன்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். செய்திருக்கிறேன்.

*

நான் வங்கியில் சேர்ந்தபோது எங்கள் கிளையில் தலைமைக் காசாளர் ஒருவர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். பேரேடுகளில் கையால் எழுதிய காலத்திலிருந்து வந்தவர். மூன்றாம் நாள் சாயங்காலம் என் கௌண்ட்டரில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. "இந்தப் பையன் கேஷுக்கு ஆகமாட்டான்," என்று அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஆறு மாதம் ப்ரொபேஷன். நான் ஆனேன். தன் பிரிவுபசாரக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "மூணாம் நாளே சொன்னேன், இவன் ஆகமாட்டான்னு. இவன் முன்னாடியே சொன்னேன். தப்பாப் போச்சு." யாரும் அவரைக் கேட்கவில்லை. பலருக்கு அது மறந்தேபோயிருந்தது.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டு. பேரேட்டில் ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது, அதன் மேலேயே எழுதக்கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து அடிக்க வேண்டும். அடித்த தொகை படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான தொகை. அதன் அருகே சுருக்கொப்பம். தப்பு நடந்ததும், அதை யார் எப்போது திருத்தினார்கள் என்பதும் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். இன்று எல்லாம் கம்ப்யூட்டர். அதிலும் ஒரு தவறான பதிவை எடுத்துவிட முடியாது. எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்யலாம். இரண்டும் கணக்கில் நிற்கும்.

பகல் முழுவதும் நான் இந்த நியமப்படி வாழ்கிறேன். சாயங்காலம் விமர்சகனாகும்போது வேறு பேனாவை எடுத்துக்கொண்டுவிடுகிறேன்.

2019 பிப்ரவரியில், சோல்ஷாரின் புகழ் உச்சியில் இருந்தபோது, ஒரு இளங்கவிஞரின் முதல் தொகுப்புக்கு ஒரு சிறுபத்திரிகையில் மதிப்புரை எழுதினேன். நாற்பது கவிதைகள். முதல் இருபதைக் கவனமாகப் படித்தேன். மீதியை ஆபீஸ் போகும் பஸ்ஸில் புரட்டினேன். அதற்கும் முன்னால், முன்னுரையைப் படித்திருந்தேன். முன்னுரை எழுதிய மூத்த கவிஞர் மீது எனக்கு ஏற்கெனவே மனஸ்தாபம். அவருடைய அடிச்சுவடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டுதான் உள்ளே போனேன், தேடியது கிடைத்தது. எழுதினேன். மூன்று வருஷம் கழித்து அந்தக் கவிஞரின் மூன்றாவது தொகுப்பு வந்தது. நல்ல புத்தகம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நல்ல புத்தகம். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் கிழவிகளைப் பற்றிய அதன் கவிதைகளின் விதை முதல் தொகுப்பின் கடைசிப் பக்கங்களில், மூன்று சிறிய கவிதைகளில், அப்போதே இருந்தது. பஸ்ஸில் நான் புரட்டிய பக்கங்கள் அவை.

2023ல் என் மதிப்புரைகளை ஒரு நண்பர் சிறு தொகுப்பாகப் போட்டார். ப்ரூஃப் பார்க்கும்போது அந்த மதிப்புரையின் கடைசி வாக்கியத்தை மாற்றினேன். ஒரே ஒரு வாக்கியம். நடையைச் செப்பனிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்திரிகை முன்னூறு பிரதி அச்சானது. இரண்டு வருஷத்தில் நின்றுபோயிற்று. எந்த நூலகத்திலும் இல்லை. நம்முடைய உலகத்தில் கடந்த காலத்தைத் திருத்துவது மிகவும் சுலபம். கார்டிஃப் ஆட்டத்தின் ஸ்கோரை யாரும் மாற்ற முடியாது. ஒரு சிறுபத்திரிகை மதிப்புரையை அதை எழுதியவனே மாற்றலாம், கேட்பாரில்லை.

ஒருவர் கேட்டார். போன வருஷம் மதுரையில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் பிறகு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கவிஞர் என்னிடம், குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சொன்னார்: "சார், அன்னைக்கு நீங்க எழுதினது வேற மாதிரி இருந்துச்சு இல்ல? எனக்கு மனப்பாடம் சார்." பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தோடு நாலைந்து வருஷம் சண்டை போட்டு எழுதியிருக்கிறார். இப்போது புத்தகத்தில் அந்த வாக்கியமே இல்லை. யாரோடு சண்டை போட்டேன் என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நான் டீக்குக் காசு கொடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஆகவே இங்கே பதிவு செய்கிறேன். 2019 பிப்ரவரியில் நான் எழுதியது: "இவை அனுபவத்திலிருந்து பிறந்த கவிதைகள் அல்ல, படித்த கவிதைகளிலிருந்து பிறந்தவை. இவர் இனி வளர இடமில்லை." 2023ல் தொகுப்பில் அச்சானது: "இவை படித்த கவிதைகளிலிருந்து பிறந்தவை. இவர் வளர்வதற்கான இடத்தை இன்னும் தேட வேண்டியிருக்கிறது." முதலாவதன் கடைசி வாக்கியம் தவறு. இரண்டாவது, தவறே நடக்காதது போன்ற பாவனை. தவறைவிட அது மட்டமானது.

இதை ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இருபது கவிதைகள் இரவல் கவிதைகள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பாதி நிற்கிறது. அது நிற்பது தெரிய வேண்டுமென்றால் மற்றப் பாதி விழுந்ததும் தெரிய வேண்டும். நான் 'இடமில்லை' என்ற சொல்லைச் சுரண்டி எடுத்தபோது, சரியாகச் சொன்ன வாக்கியத்தின் பலத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டேன். எப்போதும் சரியாகவே சொல்லியிருப்பதாகக் காட்டிக்கொள்ளும் விமர்சகனின் எந்த வாக்கியத்தை நம்புவது?

லெஃப்ட் பேக் அண்ணன் இப்போது நாகர்கோவிலில் இருக்கிறார். எந்தக் கிளப்புக்குப் புது மேனேஜர் வந்தாலும் இரண்டாவது, மூன்றாவது ஆட்டம் முடிந்த இரவு ஃபோன் செய்வார். "என்ன தம்பி, தேறுவானா?" என்பார். முன்பெல்லாம் உடனே பதில் சொல்வேன். இப்போதும் உடனேதான் சொல்கிறேன், அந்தச் சுபாவம் போகவில்லை. சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். நோட்டில் அடித்தல்கள் நிறைய இருக்கின்றன.

அந்தக் கவிஞரின் நாலாவது தொகுப்பு வந்திருக்கிறது. இந்த இதழின் ஆசிரியர் அதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். முன்னுரை கிடையாது என்பது ஒரு நிம்மதி. கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.